கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) தொட்டிக்கு மூன்று நாளுக்கு ஒரு தண்ணீரா?

அண்ணே, “கோகோபீட் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நாற்றுக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை ஊற்றினால் போதும்” என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதி சரி. தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை அது பிடிக்கும். ஆனால் இளம் நாற்றின் வேர் இரண்டு அங்குலம்கூட இறங்கியிருக்காது. மேல்பகுதிதான் முதலில் காயும். காரைக்குடி சித்திரை வெயிலில், மொட்டை மாடியில் இருக்கும் சின்னத் தொட்டிக்கு ஒரு நாள் இடைவெளியே அதிகம். சில நாள் காலை, மாலை இரண்டு வேளையும் கேட்கும். அதே தொட்டி ஐப்பசி அடைமழைக் காலத்தில் திண்ணை ஓரமாக இருந்தால் உங்கள் கணக்கு சரியாகவே வரலாம்.

அதனால் நாளை எண்ணாமல் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். நனைந்ததற்கும் காய்ந்ததற்கும் உள்ள எடை வித்தியாசம் கைக்கே தெரியும். மேலே வெளுத்திருப்பதை மட்டும் நம்ப வேண்டாம், விரலை விட்டால் உள்ளே ஈரம் இருக்கும். (அப்படி ஏமாந்து, ஊற்றி ஊற்றியே கத்தரி நாற்றை அழுகவிட்டவன் நான்.) அப்புறம், ஊற்றும்போது அடித்துளையில் கொஞ்சம் வடியும்வரை ஊற்றுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால், அப்படி வடிய விட்டால்தான் உப்பு தொட்டியில் சேராமல் இருக்கும்.