தேய்மானம் வேறு, சேதாரம் வேறு

சனிக்கிழமை நகைக்கடையில் நடந்ததை எழுதியிருந்தேன். அம்மாவின் பழைய சங்கிலியை விற்கப் போனேன், எடை போட்ட பிறகும் 'தேய்மானம்' என்று சீட்டில் எழுதிக் கழித்தார்கள், அந்தச் சொல்லுக்காகச் சண்டை போட்டேன். வந்த பதில்களில் பாதி, "சேதாரமோ தேய்மானமோ எல்லாம் ஒன்றுதானே, ஒரு வார்த்தைக்கா இவ்வளவு சண்டை?" ரகம். சொந்த அத்தை மகனே சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறான். சந்தோஷம்.

ஒன்றில்லை ஐயா. ஆசாரி தங்கத்தை உருக்கி, கம்பி இழுத்து, அரத்தால் ராவும்போது சிந்திச் சிதறிப் போகிறதே, அது சேதாரம். நகை வாங்கும்போதே செய்கூலியோடு சேர்த்து அதற்குப் பணம் வாங்கிக்கொள்கிறார்கள். நாம் போட்டுப் போட்டுக் குறைவது தேய்மானம். யாரும் பிடுங்கவில்லை, எதுவும் உடையவில்லை, ஆனால் குறைகிறது. நிலா தேய்கிறது, செருப்பு தேய்கிறது, எறும்பு ஊரக் கல்லும் தேய்கிறது. கல் சேதாரமாகிறது என்று யாராவது சொல்வார்களா?

அம்மாவின் சங்கிலி மூன்று பவுன், அதாவது 24 கிராம். கடைத் தராசில் 23.1 காட்டியது. குறைந்த அந்த 0.9 கிராம்தான் தேய்மானம். தராசே கழித்துவிட்டது! அதற்கு மேலும் சீட்டில் 'தேய்மானம் 3 சதவீதம்' என்று எழுதினால் எப்படி? அழுக்குக்குக் கழியுங்கள், நகையை ஒட்டவைத்த பற்றாசுக்குக் கழியுங்கள், ஆனால் எதற்கென்று சொல்லிக் கழியுங்கள். தேய்ந்ததை இன்னொரு தடவை தேய்க்காதீர்கள்.

"கணக்கில் வண்டிக்கு வருஷா வருஷம் தேய்மானம் கழிக்கிறோமே" என்றார் ஓர் ஆடிட்டர் நண்பர். நியாயமான கேள்விதான். ஆனால் வண்டியை யாரும் தராசில் நிறுப்பதில்லை சார், அங்கே மதிப்பைத்தான் குறைக்கிறார்கள். 'மொழி வெறி' என்றவருக்குப் பதில் இல்லை, போய் வரட்டும்.

சங்கிலியில் கொக்கி மாட்டும் வளையத்தைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நூலாக இளைத்திருக்கிறது. அம்மா குனிந்து நிமிர்ந்த கணக்கெல்லாம் அங்கே இருக்கிறது. போன மாதம் அவள் முழங்காலைப் பார்த்த டாக்டரும் இதே சொல்லைத்தான் சொன்னார். "தேய்மானம்தாம்மா, வேற ஒண்ணுமில்ல." வேறு ஒன்றுமில்லையாம்! ஆட்டோவில் வரும்போது அம்மா கேட்டாள், "தேஞ்சதெல்லாம் எங்கடா போகும்?"

அரம்பொருத பொன்போலத் தேயும் உரம்பொருது
உட்பகை உற்ற குடி

அரம் ராவிய பொன் போல, உள்ளுக்குள் பகை வந்த குடும்பமும் தேயும் என்று பொன்னையும் வீட்டையும் சேர்த்துத் தேய வைத்தவர் வள்ளுவர். ஒரு சொல்தானே என்று அவரிடம் போய்ச் சொல்லுங்கள். அத்தை மகனே, அந்தச் சங்கிலி ஏன் கடை வரைக்கும் போனது என்று உனக்குத் தெரியும். நீ சிரித்ததை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

விற்கவில்லை, திருப்பி வாங்கிக்கொண்டேன். இன்று வேறொரு கடையில் அந்த வளையத்தை மட்டும் மாற்றித் தரச் சொன்னேன். "புது வளையத்துக்குச் சேதாரம் தனி சார்" என்றான் பையன். சரியான இடத்தில் சரியான சொல். மறுபேச்சு பேசாமல் கொடுத்துவிட்டு வந்தேன்.