சென்னை ஆடும்போது தூண்களை யார் பார்க்கிறார்கள்?

சென்னையில் நிலம் லேசாக அதிர்ந்தால் ஊர் முதலில் கேட்பது, "ரிக்டர் எவ்வளவு?" அடுத்தது, "சுனாமி வருமா?" இரண்டுக்கும் தொலைக்காட்சியில் பதில் வந்ததும் எல்லோரும் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். "நாம் குடியிருக்கும் கட்டடம் இதைவிடப் பெரிய ஆட்டத்தைத் தாங்குமா?" என்ற மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. எங்கள் அடுக்ககச் சங்கக் கூட்டத்தில் நான் கேட்டேன். கிடைத்தது முறைப்புதான். அதனால் இங்கே எழுதுகிறேன்.

2021 ஆகஸ்ட் 24, மதியம் பன்னிரண்டரை மணி தாண்டியிருந்தது. காக்கிநாடாவுக்குத் தென்தென்கிழக்கே சுமார் 300 கிலோமீட்டர் தொலைவில், வங்காள விரிகுடாவின் அடியில் 5.1 அளவில் ஒரு நிலநடுக்கம். நாங்கள் நான்காம் மாடி. சமையலறையில் கவிழ்த்து வைத்திருந்த இருபது லிட்டர் தண்ணீர் கேனுக்குள் நீர்மட்டம் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கியது. குழாயை யாரும் திறக்கவில்லை. குமிழி ஒன்றுகூட எழவில்லை. நீர் மட்டும் சரிந்து சரிந்து நிமிர்ந்தது. கூடத்தில் அமர்ந்திருந்த அம்மா, "தலை சுற்றுகிறது, காலையில் பிரஷர் மாத்திரை போட்டேனா பார்" என்றார். அரிதாக நிலம் ஆடும் ஊர்களில் பெரும்பாலோர் சந்தேகப்படுவது தங்கள் உடம்பைத்தான். பூமியைச் சந்தேகிக்கும் பழக்கம் நமக்கு இல்லை.

அடுக்கக வாட்ஸ்அப் குழுவில் சண்டையே மூண்டுவிட்டது. மேல்மாடிக்காரர்கள் ஆடியது என்றார்கள். முதல் மாடியிலிருந்து ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், "என் வீட்டில் ஒரு டம்ளர்கூட அசையவில்லை, வதந்தி பரப்பாதீர்கள்" என்று எச்சரித்தார். இருவர் சொன்னதும் உண்மை. தொலைவிலிருந்து வரும் அதிர்வில் வேகமான குலுக்கல்கள் வழியிலேயே தேய்ந்துவிடும். மெதுவான, நீண்ட அலைகளே மிஞ்சி வந்து சேரும். அவை உயரமான கட்டடங்களின் தலையை ஆட்டும். அடிப்பகுதியை அதிகம் தொடுவதில்லை. ஒரே கட்டடத்தில் ஒருவர் வாசலுக்கு ஓடுவதும் மற்றவர் நிம்மதியாகச் செய்தித்தாள் படிப்பதும் இப்படித்தான் நடக்கிறது.

"தமிழ்நாட்டில் பூகம்பம் வராது" என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. 1900 பிப்ரவரி 8 அதிகாலையில் கோயம்புத்தூர்ப் பகுதியை ஆட்டியது ஏறக்குறைய 6 அளவிலானது. தென்னிந்தியாவின் பெரும்பகுதி அதை உணர்ந்தது. 2001 செப்டம்பர் 25 இரவு எட்டரை மணியளவில் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் ஏற்பட்டதைச் சென்னையில் அன்று இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2019 பிப்ரவரியில் ஒரு காலைப்பொழுதிலும் கடலுக்கடியில் அதிர்ந்து சென்னை வரை தெரிந்தது. அரிது என்பது சரி. வராது என்பது வேறு.

"நாம் பாதுகாப்பான மண்டலம்" என்பவர்களுக்கு நான் கில்லாரியைச் சொல்வது வழக்கம். மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்துக் கிராமம் அது. நாட்டின் நில அதிர்வு வரைபடத்தில் அந்தப் பகுதி அப்போது மிகக் குறைந்த ஆபத்துள்ள முதலாம் மண்டலத்தில் இருந்தது. முந்தைய ஆண்டே அங்கே சிறு அதிர்வுகள் அடிக்கடி உணரப்பட்டன. 1993 செப்டம்பர் 30 அதிகாலை, விநாயகர் சிலைகளைக் கரைத்துவிட்டு ஊர் உறங்கிக்கொண்டிருந்த வேளையில், 6.2 அளவில் ஆடியது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மண்சாந்தில் கட்டிய கனத்த கல்சுவர்கள் உறங்கியவர்கள் மேலேயே விழுந்தன. அதற்குப் பிறகு 2002இல் வரைபடத்தைத் திருத்தியபோது முதலாம் மண்டலம் என்ற ஒன்றையே எடுத்துவிட்டார்கள். அதே திருத்தத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு வந்தது. இதையும் என் குழுவில் வதந்தி என்றார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் அச்சம் பூமியைப் பற்றியதைவிட எங்கள் வாகன நிறுத்துமிடத்தைப் பற்றியது.

2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் பூஜ் பகுதியில் பெரும் நிலநடுக்கம். அகமதாபாத் அங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஆனாலும் அந்த நகரத்தில் பல அடுக்குமாடிகள் சரிந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். விழுந்தவற்றில் பல, கீழ்த்தளத்தைக் கார் நிறுத்தத் திறந்துவிட்டு வெறும் தூண்களின் மேல் நின்றவை. மேல்தளங்களில் அறைக்கு அறை செங்கல் சுவர். அவை கட்டடத்தை விறைப்பாக்கிவிடும். கீழே சுவர் இல்லை. தரை நகரும்போது மேலே உள்ள நான்கு மாடிகளும் ஒரே கட்டியாக நிற்க, ஆட்டம் முழுவதையும் கீழ்த்தளத் தூண்கள் மட்டும் வாங்கிக்கொள்கின்றன. மூங்கில் கால்களின் மேல் இரும்புப் பெட்டியை வைத்தது போலத்தான். இப்போது சென்னையில் ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, கீழே தூண்களும் கார்களும் மட்டுமே உள்ள கட்டடங்களை எண்ணிப் பாருங்கள். அப்படி இல்லாதவற்றை எண்ணுவது சுலபமாக இருக்கும்.

நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடங்களுக்கான 2002ஆம் ஆண்டின் இந்தியத் தர விதி இதைத் தெளிவாகவே பேசியது. திறந்த கீழ்த்தளம் வேண்டுமென்றால் அங்குள்ள தூண்களையும் உத்தரங்களையும் இரண்டரை மடங்கு விசைக்கு வடிவமைக்க வேண்டும். இல்லையென்றால் காங்கிரீட் சுவர்களைச் சேர்க்க வேண்டும். அதற்கு முன் கட்டியவற்றை விட்டுவிடுவோம். பின்னால் கட்டியவற்றிலாவது இது நடந்ததா?

பக்கத்துத் தெருவில் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தபோது உள்ளே போய்ப் பார்த்தேன். தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகளை ஒருவர் வளைத்துக்கொண்டிருந்தார். கம்பியின் இரு முனைகளும் செங்கோணத்தில், எல் வடிவில் மடிந்திருந்தன. அவை 135 பாகைக்கு உள்நோக்கி மடிந்து, முனை தூணின் வயிற்றுக்குள் போக வேண்டும் என்கிறது விதி. காரணம் எளிது. பலமாக ஆடினால் தூணின் மேற்பூச்சுக் காங்கிரீட் முதலில் உதிரும். செங்கோணத்தில் மடித்த முனை அந்தப் பூச்சுக்குள்தான் இருக்கிறது. பூச்சு போனதும் ரிங் விரிந்துவிடும். ரிங் விரிந்தால் நெடுக்குக் கம்பிகள் வெளியே பிதுங்கும், தூண் நசுங்கும். முனை உள்ளே போயிருந்தால் பிடி விடாது. கையின் ஒரு கூடுதல் திருப்பம், விரல் நீளத்துக்குச் சற்று அதிகமான கம்பி, வித்தியாசம் அவ்வளவுதான்.

மேஸ்திரியிடம் கேட்டேன். "தெரியும் சார். அப்படி வளைத்தால் நெடுக்குக் கம்பியில் மாட்டுவது கஷ்டம், நேரம் பிடிக்கும். பொறியாளர் கேட்டால் செய்வோம். யாரும் கேட்பதில்லை" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. வீடு வாங்க வருபவர்கள் சமையலறைக் கல் எந்த ஊர்க் கல் என்று தட்டிப் பார்க்கிறார்கள். குளியலறைக் குழாய் எந்த நிறுவனம் என்று கேட்கிறார்கள். ரிங் முனையைப் பற்றி யார் கேட்கிறார்கள்?

ஆட்டம் நின்றதும் நாம் செய்யும் இன்னொரு காரியமும் எனக்கு ஆறவில்லை. எல்லோரும் படிக்கட்டில் விழுந்தடித்து இறங்கி, கட்டடத்துக்கும் சுற்றுச்சுவருக்கும் இடையிலுள்ள நான்கைந்து அடிச் சந்தில் போய் நிற்கிறோம். தலைக்கு மேலே சன்ஷேடு, ஏசி இயந்திரம், பால்கனிப் பூந்தொட்டி. 2012 ஏப்ரல் 11 மதியம் சுமத்ராவுக்கு மேற்கே கடலில் 8.6 அளவில் ஆடியபோது பழைய மகாபலிபுரம் சாலையில் நான் வேலை பார்த்த அலுவலகமும் காலியானது. அத்தனை பேரும் பத்து மாடி உயரக் கண்ணாடி முகப்புக்கு நேர் கீழே நின்று வீட்டுக்குப் போன் செய்துகொண்டிருந்தோம். இரண்டு மணி நேரம் கழித்து 8.2 அளவில் இன்னொன்று வந்தது. பாறைகள் மேலும் கீழுமாக இல்லாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால்தான் அன்று பெரிய சுனாமி எழவில்லை. ஆடும்போது மேசைக்கு அடியில் குனிந்து அதன் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும், லிஃப்டைத் தொடக் கூடாது, நின்ற பிறகு இறங்கித் திறந்தவெளிக்குப் போக வேண்டும். இதைத் தீயணைப்புப் பயிற்சியோடு சேர்த்துச் சொல்லிக் கொடுக்கப் பத்து நிமிடம் போதும்.

"இன்றிரவு ஒன்பது மணிக்கு மீண்டும் வரும், நாசா எச்சரிக்கை" வகையறாவைப் பற்றி ஒரு வரி மட்டும்: நாளும் நேரமும் குறித்து நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்ல உலகில் எவராலும் இயலாது. அனுப்பியவர் உங்கள் சித்தப்பாவாகவே இருந்தாலும் அழித்துவிடுங்கள்.

சென்னை நாளையே இடியும் என்று நான் சொல்லவில்லை. நாம் இமயமலையடிவாரத்தில் இல்லை. ஆனால் ஒரு கட்டடம் ஐம்பது அறுபது ஆண்டுகள் நிற்கப் போகிறது. அத்தனை ஆண்டுகளில் ஒரே ஒருமுறை பலமாக ஆடினாலும் அதற்கு அது தயாராக இருக்க வேண்டும். பழைய கட்டடங்களுக்கும் வழி உண்டு. தூணைச் சுற்றிப் புதிதாகக் கம்பி கட்டிக் காங்கிரீட் உறை போடலாம். சில தூண்களுக்கு இடையே காங்கிரீட் சுவர் எழுப்பலாம்.

இதைத்தான் சங்கக் கூட்டத்தில் சொன்னேன். முதல் பத்து நிமிடம் எல்லோரும் ஆர்வமாகவே கேட்டார்கள். சுவர் எழுப்பினால் இரண்டு கார் நிறுத்தும் இடம் போகும் என்றதும் கூட்டத்தின் முகம் மாறிவிட்டது. எந்த இரண்டு வீட்டுக் கார் என்பதில் ஒன்றரை மணி நேரம் போனது. பிறகு வெளிச்சுவர் வண்ணப்பூச்சைப் பற்றிப் பேசி, அதற்கு உடனே பணம் ஒதுக்கினார்கள். கட்டியவரிடம் கட்டமைப்பு வரைபடத்தைக் கேட்டு ஒரு கடிதம் எழுத மட்டும் எனக்கு அனுமதி கிடைத்தது. எழுதினேன், பதில் இல்லை.

வரைபடமே இல்லாமலும் தூண்களைச் சோதிக்கலாம் என்கிறார்கள். காங்கிரீட்டின் வலிமையைத் தட்டிப் பார்க்கும் சுத்தியல் இருக்கிறது, உள்ளே கம்பி எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும் கருவியும் இருக்கிறது. உங்களில் யாராவது பழைய அடுக்ககத்துக்கு இப்படி ஆய்வு செய்திருந்தால், என்னென்ன சோதித்தார்கள், சதுர அடிக்கு எவ்வளவு கேட்டார்கள் என்பதைக் கீழே எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்குள் எனக்கு ஒரு தொகை வேண்டும். தொகை இல்லாமல் எங்கள் பொருளாளர் எதையும் குறிப்பேட்டில் ஏற்றுவதில்லை.