தேர்ஃபோர் என்று எழுதும் முன்

ஆங்கிலக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்கும் பயிற்சிப் புத்தகங்களில் ஒரு பட்டியல் தவறாமல் இருக்கும். 'முடிவைச் சொல்லும் இணைப்புச் சொற்கள்' என்று தலைப்பிட்டு, தேர்ஃபோர் (ஆகவே), தஸ், ஹென்ஸ், ஸோ, கான்ஸிக்வென்ட்லி, அக்கார்டிங்லி, ஆஸ் எ ரிசல்ட் என்று 'ஆகவே', 'அதன் விளைவாக' போன்ற பொருள் தரும் சொற்களை அடுக்கியிருப்பார்கள். ஒரே சொல் திரும்பத் திரும்ப வராமல் மாற்றி மாற்றிப் போடுங்கள் என்ற அறிவுரையும் கூடவே வரும். இந்தப் பட்டியல் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்கிறார்கள், பத்திக்கு ஒன்றாகத் தூவுகிறார்கள். பார்த்தால் வாதம் போல இருக்கிறது. படித்தால் வாதம் இல்லை.

தேர்ஃபோர் என்று எழுதுவது ஒரு பொறுப்பை ஏற்பது. 'இதுவரை நான் சொன்னதை நீங்கள் ஒப்புக்கொண்டால், இனி சொல்லப்போவதை மறுக்க உங்களுக்கு இடமில்லை' என்று எழுதுபவர் வாசகருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். நல்ல ஆங்கில எழுத்தாளர்கள் அந்தக் கையெழுத்தை எளிதில் போடுவதில்லை. போட்டால், அதற்கு முன்னால் வேண்டியதையெல்லாம் செய்து முடித்துவிட்டுத்தான் போடுகிறார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பட்டியலில் இருப்பவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. ஒரு வீட்டில் விளக்கு எரிவதைப் பார்த்து, உள்ளே ஆள் இருக்கிறார் என்று முடிவுசெய்கிறோம். ஆங்கிலத்தில் இங்கே ஸோ போடலாம், தேர்ஃபோரும் போடலாம். ஆஸ் எ ரிசல்ட் போட்டால் வாக்கியம் கெட்டுவிடும். விளக்கு எரிந்ததன் விளைவாக ஆள் வந்து சேர்ந்தார் என்று ஆகிவிடும். கான்ஸிக்வென்ட்லி போட்டாலும் ஏறக்குறைய அதே உறுத்தல்தான். ஒன்று நடந்ததன் பயனாக இன்னொன்று நடப்பது வேறு. ஒன்றை அறிந்து, அதைக் கொண்டு நாம் இன்னொன்றை அறிவது வேறு. உண்மையில் ஆள் இருப்பதால்தான் விளக்கு எரிகிறது. நம் அறிவோ விளக்கிலிருந்து ஆளிடம் போகிறது. இரண்டும் எதிரெதிர்த் திசை. மலையில் புகை கண்டு நெருப்பு உண்டு என்று நம் அளவை (தர்க்க) நூல்கள் காலங்காலமாகச் சொல்லிவருவதும் இதைத்தான். புகை நெருப்பை மூட்டுவதில்லை, காட்டிக்கொடுக்கிறது. தமிழிலும் 'விளக்கு எரிகிறது, அதனால் அவர் வீட்டில் இருக்கிறார்' என்றால் காதுக்கு ஒவ்வவில்லை. 'அப்படியானால் வீட்டில்தான் இருக்கிறார்' என்போம்.

மொழியியலாளர் ஈவ் ஸ்வீட்ஸர் 1990-இல் வெளிவந்த தமது நூலில் இந்தப் பிரிவைத் தெளிவாக விளக்கியிருக்கிறார். நிகழ்வைச் சொல்லும் காரணம், அறிவுக்குச் சொல்லும் காரணம், பேச்சுக்குச் சொல்லும் காரணம் என்று மூன்று தளங்கள். 'இன்று மாலை என்ன செய்கிறாய்? ஏனென்றால் ஒரு நல்ல படம் ஓடுகிறது' என்பதில் வரும் 'ஏனென்றால்' மூன்றாவது வகை. கேள்வி கேட்டதற்கான காரணம் அது. இந்த மூன்றையும் ஒரு மாணவர் ஒருமுறை புரிந்துகொண்டால் போதும், பட்டியலைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

தஸ் என்பதன் மூலப் பொருள் 'இவ்வாறு'. இப்போது காட்டியதைத் திரும்பிப் பார்க்கச் சொல்லும் சொல் அது. ஹென்ஸ் என்றால் 'இங்கிருந்து'. முதலில் இடத்தைக் குறித்தது. பிறகு 'இன்னும் இரண்டு ஆண்டுகளில்' என்று காலத்துக்கும், 'இதிலிருந்து வரும் முடிவு' என்று காரணத்துக்கும் வந்தது. அதனால்தான் ஹென்ஸுக்குப் பின்னால் வினைச்சொல்லே இல்லாமல் ஒரு பெயர்ச்சொல்லை மட்டும் வைத்து வாக்கியத்தை முடிக்க முடிகிறது. தேர்ஃபோரை அப்படி எழுதினால் வாக்கியம் பாதியில் நின்றுபோனதாகத் தோன்றும்.

இந்தச் சொற்கள் தத்தம் வேலையைச் செய்வதை ஒரே இடத்தில் பார்க்க விரும்புபவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது 1776-ஆம் ஆண்டின் அமெரிக்க விடுதலைப் பிரகடனம். பெரும்பகுதியை எழுதியவர் தாமஸ் ஜெபர்சன். முதலில் பொதுவான உண்மைகளை வைக்கிறார்: மனிதர்கள் எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள், அவர்களுடைய உரிமைகளைக் காக்கத்தான் அரசுகள் இருக்கின்றன, ஓர் அரசு அந்த நோக்கத்தையே அழித்தால் அதை மாற்றவும் நீக்கவும் மக்களுக்கு உரிமை உண்டு. இதைச் சொன்ன உடனே 'ஆகவே நாங்கள் பிரிகிறோம்' என்று அவர் தாவவில்லை. தங்களை ஆண்ட பிரிட்டிஷ் மன்னர் அப்படி அழித்தாரா என்ற கேள்வி நடுவில் நிற்கிறது. உண்மைகளை உலகத்தின் முன் வைக்கிறோம் என்று சொல்லிவிட்டு, மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மீதான குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்குகிறார். பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. அது முடிந்து, முறையிட்ட போதெல்லாம் மேலும் தீங்கே கிடைத்தது என்று சொன்ன பிறகு ஒரு தஸ் வருகிறது: 'கொடுங்கோலனுக்குரிய ஒவ்வொரு செயலாலும் இவ்வாறு அடையாளம் பெற்ற ஓர் அரசர்' ஆளத் தகுதியற்றவர். 'இவ்வாறு' என்ற அந்த ஒரு சொல் மேலே உள்ள முழுப் பட்டியலையும் சுட்டி நிற்கிறது. பிரிட்டிஷ் சகோதரர்களிடம் முறையிட்டும் பயனில்லை என்று சொன்ன பிறகு, பிரிவைத் தவிர்க்க முடியாது என்ற இடத்தில் முதல் தேர்ஃபோர். அதையடுத்து, விடுதலையை அறிவிக்கும் இறுதிப் பத்தியின் தொடக்கத்திலேயே இன்னொன்று.

அந்தக் கடைசி தேர்ஃபோர் நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். வாக்கியத்தின் தலையில் இல்லை. 'நாங்கள்' என்று சொல்லி, ஒரு காற்புள்ளி வைத்து, 'ஆகவே' என்று சொல்லி, இன்னொரு காற்புள்ளி வைத்து, பிறகு 'அமெரிக்க ஐக்கிய மாநிலங்களின் பிரதிநிதிகள்' என்று தொடர்கிறது. ஆங்கிலத்தில் தேர்ஃபோரை இப்படி நடுவில் வைக்கும்போது அழுத்தம் அதற்கு முந்திய சொல்லில் போய் விழும். முடிவெடுப்பது நாங்கள் என்பது அந்த இடத்தாலேயே தெரிந்துவிடுகிறது. இணைப்புச் சொல்லை எப்போதும் வாக்கியத்தின் தொடக்கத்தில்தான் போட வேண்டும் என்று சொல்லித்தருபவர்கள் இந்த ஒரு வரியையாவது மாணவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

ஆனால் தேர்ஃபோர் தருவது பாதைக்கான உறுதி மட்டுமே. எல்லோரும் சமம் என்று தொடங்கும் ஒருவர் போய்ச் சேர வேண்டிய இடங்கள் இன்னும் உண்டு. அதை எழுதிய ஜெபர்சனே அடிமைகளை வைத்திருந்தார். அதே உண்மையிலிருந்து கிளம்பும் இன்னொரு 'ஆகவே', அடிமைகளும் விடுதலை பெற வேண்டும் என்பது, எழுதப்படாமலே கிடந்தது. 1852 ஜூலை 5 அன்று அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில், அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ் அதைக் கூட்டத்தின் முன் எடுத்து வைத்தார். எப்படி வைத்தார் என்பதுதான் என்னை இன்றும் அசத்துகிறது. அடிமையும் மனிதன்தான் என்று நான் நிரூபிக்க வேண்டுமா என்று கேட்கிறார். வெர்ஜினியா மாநிலத்தில் ஒரு கறுப்பர் செய்தால் மரண தண்டனை தரத்தக்க குற்றங்கள் 72 இருக்கின்றன. அவற்றில் இரண்டுக்கு மட்டுமே வெள்ளையருக்கு அந்தத் தண்டனை என்கிறார். நன்மை தீமை அறிந்து பொறுப்பேற்கக்கூடிய ஒருவரைத்தானே சட்டம் தண்டிக்க முடியும்? அடிமை அப்படிப்பட்டவர் என்பதை ஒப்புக்கொள்வதல்லாமல் இது வேறென்ன என்று கேட்கிறார். அந்த இடத்தில் தேர்ஃபோர் இல்லை. வெறும் கேள்வி. முடிவுக்கு வர வேண்டிய வேலையைக் கேட்பவர்கள் தலையில் வைத்துவிடுகிறார். அவர்களே வந்து சேர்ந்த முடிவை அவர்களால் எப்படி மறுக்க முடியும்?

1863 ஜனவரி 1 அன்று அமெரிக்க அதிபர் லிங்கன் வெளியிட்ட அடிமை விடுதலை அறிவிப்பில் 'நௌ, தேர்ஃபோர்' ('இப்போது, ஆகவே') என்று அந்த முடிவு எழுத்தில் வந்தது. ஆனால் எதிலிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். மனிதர் எல்லோரும் சமம் என்பதிலிருந்து அல்ல. தென் மாநிலங்களின் கிளர்ச்சியை அடக்கத் தேவையான போர் நடவடிக்கை என்ற காரணத்திலிருந்து. கிளர்ச்சியில் இருந்த பகுதிகளுக்கு மட்டுமே அது பொருந்தியதும் அதனால்தான். தேர்ஃபோருக்கு முன்னால் எது நிற்கிறதோ, பின்னால் வருவதின் எல்லை அந்த அளவுதான்.

இனி இந்தச் சொற்களின் ஆபத்தான பக்கத்துக்கு வருகிறேன். தத்துவ அறிஞர் பால் கிரைஸ் 1975-இல் அச்சான ஒரு கட்டுரையில் ஒரு சிறு வாக்கியத்தை எடுத்துக்கொள்கிறார்: 'அவர் ஆங்கிலேயர், ஆகவே அவர் வீரர்.' இதில் வெளிப்படையாகச் சொல்லப்படுவது இரண்டே செய்திகள். அவர் ஆங்கிலேயர் என்பது ஒன்று, வீரர் என்பது இன்னொன்று. ஆங்கிலேயராக இருப்பதிலிருந்தே வீரம் வந்துவிடும் என்ற மூன்றாவது செய்தியை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தேர்ஃபோர் அதைச் சத்தமில்லாமல் உள்ளே கொண்டுவந்துவிடுகிறது. வாசகர் அந்த மனிதர் வீரரா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, ஓர் இனத்தைப் பற்றிய பொதுத் தீர்ப்பு கேள்வியே கேட்கப்படாமல் நுழைந்துவிட்டது. ஆங்கிலத்தில் வரும் தலையங்கங்களையும் கருத்துக் கட்டுரைகளையும் இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். வெறுப்பை நேராக எழுதத் தயங்குபவர்கள் அதை ஒரு தேர்ஃபோருக்குள் ஒளித்து அனுப்புகிறார்கள். 'அவர்கள் வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள். ஆகவே கண்காணிப்பு தேவை.' நடுவில் விழுங்கப்பட்ட வாக்கியத்தை வெளியே இழுத்து எழுதினால் அதற்குக் கீழே பெயர் போட யாருக்கும் துணிவு வராது.

தத்துவ அறிஞர் டேவிட் ஹியூமும் 1740-லேயே இது போன்ற ஒன்றைக் கண்டு சொன்னார். அறம் பற்றி எழுதுபவர்கள் 'இப்படி இருக்கிறது, இப்படி இல்லை' என்று சொல்லிக்கொண்டே வந்து, திடீரென்று 'இப்படி இருக்க வேண்டும்' என்று மாறிவிடுகிறார்கள். எப்படி மாறினார்கள் என்று விளக்குவதே இல்லை என்றார். அந்த மாற்றம் பெரும்பாலும் ஒரு இணைப்புச் சொல்லின் மறைவில்தான் நடக்கிறது.

தேர்வுக்காகத்தான் இதெல்லாம், நிறைய இணைப்புச் சொற்கள் போட்டால்தான் மதிப்பெண் வரும் என்று சிலர் சொல்வார்கள். அதுவும் சரியில்லை. ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் எழுத்துப் பகுதியின் மதிப்பீட்டு விளக்கத்தையே எடுத்துப் பாருங்கள். இணைப்புச் சொற்களை அளவுக்கு மீறிப் போடுவது ஐந்தாம் நிலைக்குரிய குறையாகவே அதில் எழுதப்பட்டிருக்கிறது. உச்சமான ஒன்பதாம் நிலைக்கு அவர்கள் கேட்பது, இணைப்பு கண்ணில் படாத அளவுக்கு இயல்பாக இருக்க வேண்டும் என்பது. பட்டியலைக் கரைத்துக் குடித்துவிட்டுத் தேர்வுக்குப் போகும் பிள்ளையிடம் இதை யாரும் சொல்வதில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

சொல் இல்லாமலே முடிவு நிற்கும் என்பதற்குப் பெரிய சாட்சி பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் தெக்கார்த். 'சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்' என்பது 1637-இல் பிரெஞ்சிலும் 1644-இல் லத்தீனிலும் அவர் எழுதியது. ஆனால் இரண்டுக்கும் நடுவே, 1641-இல் வெளிவந்த 'தியானங்கள்' என்ற தத்துவ நூலில், அந்த 'ஆகவே' இல்லை. நான் இருக்கிறேன் என்பது அதைச் சொல்லும்போதெல்லாம், மனத்தில் எண்ணும்போதெல்லாம் உண்மையாகிறது என்று மட்டும் எழுதுகிறார். இது பொது விதியிலிருந்து தர்க்கப் படிகளால் வருவித்தது அல்ல, மனம் நேராகக் காண்பது என்று அந்த நூலுக்கு வந்த எதிர்ப்புகளுக்கு எழுதிய பதிலிலும் விளக்கினார். உலகமே மேற்கோள் காட்டும் 'ஆகவே' உண்மையில் ஒரு முடிவைக் குறிக்கிறதா என்று தத்துவத் துறையில் இன்றும் வாதம் நடக்கிறது. அப்படியிருக்க, பத்திக்கு இரண்டு தேர்ஃபோர் போடும் கட்டுரையை 'நல்ல தர்க்கம்' என்று நாம் எப்படிப் பாராட்டுகிறோம்?

ஆங்கிலம் கற்பிக்கும் நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை கட்டுரை திருத்தும்போது, ஒவ்வொரு தேர்ஃபோரையும் தஸையும் ஹென்ஸையும் பென்சிலால் அடித்துவிட்டுப் பத்தியைப் படித்துப் பாருங்கள். பொருள் அப்படியே நின்றால் அந்தச் சொல்லை நீக்கிவிடச் சொல்லுங்கள். பொருள் அறுந்துபோனால், ஓரத்தில் 'நடுவில் இருக்கும் காரணத்தை எழுது' என்று குறித்து, தாளை மாணவரிடமே திருப்பிக் கொடுங்கள்.