நாங்கள் திரும்பி வந்தவர்கள் அல்லர்

சனிக்கிழமைக் கூட்டத்தின் காணொளியை நண்பர்கள் பலரும் பார்த்துவிட்டீர்கள் என்பதால் அதை மீண்டும் விவரிக்கப் போவதில்லை. 'தாயகம் திரும்பி ஐம்பது ஆண்டுகள் ஆகியும் இலங்கை நினைப்பு ஏன்?' என்று அந்தப் பேச்சாளர் சிரித்துக்கொண்டே கேட்டாரே, அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். போனவர்தான் திரும்ப முடியும். என் அம்மா இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப் பகுதியான ஹட்டனில் பிறந்தவர். அவருடைய அப்பாவும் அங்கேயே பிறந்தவர். 1972இல் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியபோதுதான், தம் பதினான்காம் வயதில், இந்தியாவை முதன்முதலாகப் பார்த்தார். அவர் எங்கே திரும்பினார்?

இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், மலையகத் தோட்டத் தமிழர்களான எங்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் அமர்ந்து, எங்கள் 9,75,000 பேரில் இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000 என்று பிரித்தார்கள். மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாக்கினார்கள். பாகப்பிரிவினையில் அண்டா குண்டாவுக்குக்கூட இதைவிட அதிகமாகப் பேச்சு நடக்கும்.

அங்கே நாங்கள் இந்தியாக்காரர்கள். கோபம் வந்தால் கள்ளத்தோணி, அதாவது திருட்டுத்தனமாகப் படகில் வந்தவர்கள். இங்கே சிலோன்காரர்கள். அடுத்தவர் கண்ணால் தன்னைப் பார்த்துக்கொண்டே வாழ்வதை அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டுபாய்ஸ் 1903இல் இரட்டை உணர்வு என்று எழுதினார். 'அடிமை முறையோடு உங்கள் கதையை ஒப்பிடலாமா?' என்று கேட்பீர்கள். இரண்டும் ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீலகிரியில் எங்கள் பந்தலூர் கடைவீதியில் பேக்கரி வாசலில் ஒரு கணம் நின்று, 'பிரெட்' என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டே உள்ளே நுழையும் அம்மாவை நான் சிறுவயது முதல் பார்த்திருக்கிறேன். வீட்டில், இலங்கை வழக்கப்படி, அது பாண். ஒருமுறை வாய் தவறிக் கடையில் பாண் என்று கேட்டு, அங்கிருந்தவர்கள் சிரித்ததிலிருந்து இந்த ஒத்திகை.

'அரசு தன் தேயிலைத் தோட்டங்களில் வேலை கொடுத்ததே, நன்றி வேண்டாமா?' என்பார்கள். கொடுத்தது, மறுக்கவில்லை. அட்டைக்கடியோடு கொழுந்து பறித்துத்தான் அந்தக் கூலியை வாங்கினோம், சும்மா வாங்கவில்லை. 'தாயகம் திரும்பியோர்' என்ற ஒரு சொல்லுக்கா இத்தனை ஆவேசம் என்பவர்களிடம் பேச எனக்கு விருப்பமில்லை. அந்தச் சொல் அவர்கள் வீட்டுச் சான்றிதழில் இல்லை.

பேச்சாளர் முடிந்தால் காணொளியை மீண்டும் ஒருமுறை பார்க்கட்டும். அவருடைய கேள்விக்கு அரங்கம் கை தட்டியபோது, மூன்றாம் வரிசையில், பக்கத்தில் இருப்பவர் தட்டுகிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத் தாமும் தட்டுகிறாரே நீலச்சேலை கட்டிய ஒரு பெண்மணி, அவர்தான் என் அம்மா.