பண்டிகைக்கு முன்னால் ஒருநாள் தேரிக்காட்டுப் பக்கம்

கிறிஸ்துமஸுக்கு முன்னால் குடும்பமாக ஒருநாள் வெளியே போவதென்றால், வீட்டுப் பெரியவர்கள் பிறந்து வளர்ந்த ஊர்ப்பக்கம் போக வேண்டும் என்பதுதான் என் கட்சி. எங்களுக்கு அது தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் தேரிக்காடு என்று சொல்லும் செம்மணல் பகுதி. எங்கள் பாளையங்கோட்டைச் சொந்தங்களிடம் வருஷா வருஷம் இதைத்தான் சொல்கிறேன். கடை, மால், ரிசார்ட் எல்லாம் மற்ற மாதங்களிலும் திறந்துதான் இருக்கும். எண்பது வயது ஆச்சியால் காரில் ஏறி இறங்க முடிகிற காலம் அப்படி இல்லை.

முதலில் தேதி. பலரும் இருபதாம் தேதிக்கு மேல் பார்க்கலாம் என்கிறார்கள். அது சரிப்படாது. பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு முடிவதே ஏறக்குறைய இருபத்துமூன்றாம் தேதிதான். அதற்குள் வீட்டில் அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் சுட ஆரம்பித்துவிடுவார்கள், இரவில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக்கொண்டு பஜனைக் குழு வரும், தையல்காரர் துணி தர இழுத்தடிப்பார். மார்கழி பிறந்துவிட்டால் திருச்செந்தூர் சாலையில் பாதயாத்திரை போகிறவர்களும் அதிகம். அதனால் டிசம்பர் முதல் சனிக்கிழமைதான் என் தேர்வு. பரீட்சைக்கு முன்னால் ஒருநாள் புத்தகத்தை மூடி வைத்தால் ஒன்றும் ஆகிவிடாது.

மழையை மட்டும் அலட்சியம் செய்யக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18இல் பெய்ததை எங்கள் பக்கம் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணிக் கரை ஊர்கள் எல்லாம் தண்ணீரில் கிடந்தன. வானிலை அறிக்கையில் ஆரஞ்சு எச்சரிக்கை என்று போட்டாலே பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடுங்கள். வண்டிக்கு முன்பணம் கொடுத்தாயிற்றே என்று பார்க்காதீர்கள்.

அடுத்தது எத்தனை இடம் என்பது. ஒரே நாளில் ஒன்பது கோயில் என்று வேன் ஏற்பாடு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. இறங்கு, போட்டோ எடு, ஏறு என்று ஓடினால் பெரியவர்கள் பாதி இடத்தில் வண்டியை விட்டே இறங்க மாட்டார்கள். மூன்று இடம் போதும்: மெஞ்ஞானபுரம், மணப்பாடு, இடையன்குடி.

காலை ஆறரைக்குக் கிளம்பி நாசரேத் வழியாகப் போனால், பனைகளுக்கு மேலே மெஞ்ஞானபுரம் கோபுரம் தூரத்திலேயே தெரியும். 192 அடி. வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த ஜான் தாமஸ் ஐயர் (போதகரை எங்கள் பக்கம் ஐயர் என்பார்கள்) செம்மண் தேரிக்கு நடுவில் எழுப்பிய பரிசுத்த பவுல் ஆலயம். 1870இல் இறக்கும்வரை அந்த ஊரே அவர் வாழ்க்கை. ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் முந்தின நாளே பேசி வைத்தால் உள்ளே அமைதியாக உட்கார்ந்து ஒரு ஞானப்பாட்டு பாடலாம். அந்த உயரமான கூரைக்குக் கீழே பாட்டு எப்படிக் கேட்கிறது என்பதைப் பிள்ளைகள் ஒரு தடவையாவது அனுபவிக்க வேண்டும்.

மணப்பாட்டில் வெயில் ஏறுவதற்குள் இருப்பது நல்லது. கடலை ஒட்டிய மணல் குன்றின்மேல் திருச்சிலுவை ஆலயம். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கி ஜெபித்ததாகச் சொல்லும் குகை கீழே இருக்கிறது. அவர் திருநாள் டிசம்பர் 3 என்பதால், முதல் சனிக்கிழமை அங்கே போவதில் கூடுதல் பொருத்தம். குகைக்குப் படி இறங்க வேண்டும். முட்டிவலிக்காரர்களை வற்புறுத்தாதீர்கள். மேலே உட்கார்ந்து கடலைப் பார்க்கட்டும். நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), அது கத்தோலிக்கக் கோயில் என்று முகம் சுளிக்கிறவர்கள் எங்கள் குடும்பத்திலும் உண்டு. வருஷத்தில் இந்த ஒரு மாதமாவது அந்தப் பேச்சை விட்டுவிடலாம் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

மதியச் சாப்பாடு வீட்டிலிருந்தே. புளியோதரை, அவித்த முட்டை, தயிர்சாதம். ஓட்டல் தேடி அலைகிற நேரம் மிச்சம், ஆச்சிக்கு வயிறும் கெடாது.

அதிக நேரம் ஒதுக்க வேண்டியது இடையன்குடிக்கு. கால்டுவெல் 1841இல் சென்னையிலிருந்து நடந்தே வந்து சேர்ந்த ஊர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் வந்தது என்று பள்ளியில் ஒரு மதிப்பெண் கேள்வியாகப் படித்ததோடு நம் பிள்ளைகளுக்கு அவர் முடிந்துபோகிறார். அந்த நூல் வருவதற்கு முன்னும் பின்னும் அவர் இந்தப் பனங்காட்டு ஊரில்தான் சபை நடத்திக்கொண்டும் தெருக்களை ஒழுங்குபடுத்திக்கொண்டும் இருந்தார் என்பதை அந்த மண்ணில் நின்று சொன்னால்தான் உறைக்கும். ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டியது 1847, பிரதிஷ்டை 1880. முப்பத்துமூன்று வருஷம்! 1891இல் கொடைக்கானலில் இறந்தவரை இங்கேதான் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அவர் மனைவி எலைசா பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். நம் வீட்டுப் பாட்டிகளின் பாட்டிகள் முதன்முதலாகக் கையில் புத்தகம் எடுத்தது இப்படிப்பட்ட பள்ளிகளில்தான். ஆச்சியைப் பேச விடுங்கள். யார் எந்தப் பள்ளியில் படித்தார்கள், யாருக்கு யார் ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்று அவருக்கு எல்லாம் தெரியும். ஒரு பேரனோ பேத்தியோ போனில் அதைப் பதிவு செய்தால் இந்தப் பயணத்தின் மொத்தச் செலவும் அதற்கே தகும்.

திரும்பும்போது முதலூரில் மஸ்கோத் அல்வா. தேங்காய்ப்பாலில் கிண்டுவது, சூடாக வாங்கினால் அந்த வாசமே தனி. அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் சேர்த்து வாங்குங்கள். பதநீரை இந்த மாதத்தில் எதிர்பார்க்காதீர்கள், அதற்குக் கோடை வர வேண்டும். இருட்டுவதற்குள் வீடு சேர்ந்துவிடலாம், மறுநாள் காலை ஆராதனைக்கும் யாரும் பிந்த வேண்டியதில்லை.