இயந்திரத்துக்குப் பணம் உண்டு, அதை இயக்குபவருக்குக் கூலி இல்லை

எங்கள் குடியிருப்போர் குழுவின் குப்பை சேகரிப்புத் திட்டத்துக்கு, இந்த ஆண்டுக்கான மானிய விண்ணப்பப் படிவம் வந்துவிட்டது. "மானியக் காலம் முடிந்த பிறகு இத்திட்டம் எவ்வாறு தன் சொந்தக் காலில் நிற்கும்?" என்ற கேள்வி இம்முறையும் தவறாமல் இடம்பெற்றிருக்கிறது, பதில் எழுத 100 சொற்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. குப்பை பொறுக்கித் தரம் பிரிப்பது தன் காலில் நிற்கக்கூடிய, லாபம் கொழிக்கும் தொழிலாக இருந்திருந்தால், எங்களைப் போன்ற குடியிருப்போர் குழு உருவாவதற்கு முன்பே வியாபாரிகள் வரிசை கட்டி வந்திருப்பார்களே! உலக வங்கி 2018-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, குறைந்த வருவாய் நாடுகளின் உள்ளாட்சி அமைப்புகள் சராசரியாகத் தங்கள் நிதியில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைக் கழிவு மேலாண்மைக்கே செலவிடுகின்றன. வரி வசூலிக்கும் அதிகாரம் உள்ளவர்களுக்கே இவ்வளவு பெரிய செலவாக இருக்கும் ஒரு வேலையை, பன்னிரண்டு மாத மானியத்தை வாங்கிக்கொண்டு பதின்மூன்றாம் மாதத்திலிருந்து நாங்கள் இலவசமாக நடத்திக் காட்ட வேண்டுமாம்.

முந்தைய மானியத்தில் எங்களுக்கு ஒரு பேலிங் இயந்திரம், அதாவது குப்பையை அழுத்திப் பொதியாகக் கட்டும் இயந்திரம், கிடைத்தது. அது தேவையற்றது என்று நான் சொல்லவே மாட்டேன். காலி பிளாஸ்டிக் பாட்டில்களை அப்படியே வண்டியில் ஏற்றினால் பெரும்பாலும் காற்றைத்தான் ஏற்றிச் செல்கிறோம் என்பதால், அவற்றை அழுத்திப் பொதியாகக் கட்டினால்தான் போக்குவரத்துச் செலவு கட்டுப்படியாகும். ஆனால் பாட்டிலின் உடல் ஒரு வகைப் பிளாஸ்டிக், மூடி வேறொரு வகை. எண்ணெய் பாட்டிலும் பால் உறையும் கலந்துவிட்டால் வாங்குபவர் விலையைக் குறைப்பார், அல்லது பொதியையே திருப்பி அனுப்புவார். ஆகவே இயந்திரத்தின் வாய்க்குப் போகும் முன் ஒவ்வொன்றையும் மனிதக் கைதான் பிரித்தாக வேண்டும். அந்தக் கைகளுக்குரிய கூலியை மானியம் தருபவர்கள் "நிர்வாகச் செலவு" என்ற தலைப்பில் சேர்த்து, அதற்கு 10 விழுக்காடு உச்சவரம்பு விதித்தார்கள். நாள் முழுவதும் நாற்றத்தில் நின்று குப்பை பிரிக்கும் பெண்மணி நிர்வாகியாம்! அவருடைய நாற்காலி எங்கே என்று நான் கேட்டிருக்க வேண்டும். மரியாதை கருதி வாயை மூடிக்கொண்டேன்.

இதைவிட என்னைக் கொதிக்க வைப்பது கிலோக் கணக்கு. திட்டத்தின் வெற்றியை அவர்கள் எடையால் மட்டுமே அளக்கிறார்கள். ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பை ஏறத்தாழ 5 கிராம்தான் இருக்கும். வடிகாலை அடைத்துக் கிடக்கும் 200 பைகளைச் சேற்றிலிருந்து இழுத்தெடுத்தால்தான் ஒரு கிலோ தேறும். இரண்டு மூன்று கண்ணாடி பாட்டில்களே அந்தக் கணக்கை நிரப்பிவிடும். மழையில் நனைந்த அட்டைப்பெட்டியோ, உழைக்காமலேயே எங்கள் சாதனையை உயர்த்திவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாங்கள் வீடு வீடாகப் பேசி மக்கள் குப்பை போடுவதைக் குறைத்தால், சேகரித்த எடை குறைந்து அறிக்கையில் "இலக்கு எட்டப்படவில்லை" என்று பதிவாகிறது. எங்களுக்கு அப்படித்தான் பதிவானது. 1986-இல் டெக்சாஸ் கடற்கரையில் தொடங்கிய பன்னாட்டுக் கடற்கரைத் தூய்மைப் பணியில், தன்னார்வலர்கள் பொறுக்கிய பொருள்களை வகைவாரியாக எண்ணிக் குறித்துவைத்தார்கள். எது எவ்வளவு கிடக்கிறது என்று தெரிந்தால்தானே அது எங்கிருந்து வருகிறது என்று கேட்க முடியும்? எங்கள் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. பதாகையுடன் எடுத்த புகைப்படங்களை ஒட்ட மட்டும் ஒரு முழுப் பக்கம் விட்டிருக்கிறார்கள்.

முதலில் நீங்கள் செலவு செய்யுங்கள், பிறகு ரசீதைக் காட்டிப் பெற்றுக்கொள்ளுங்கள் என்ற நடைமுறையைப் பற்றி நீட்டிப் பேசப் போவதில்லை. கையில் பணம் இருப்பவர்கள் மானியம் கேட்டு ஏன் வரப்போகிறார்கள்?

மூன்று ஆண்டுகளுக்கான விற்பனை வருவாய் மதிப்பீடும் கேட்கிறார்கள். 2018-இல் சீனா பெரும்பாலான பிளாஸ்டிக் கழிவுகளின் இறக்குமதிக்குக் கதவடைத்தபோது, பல நாடுகளின் பெரிய மறுசுழற்சி நிறுவனங்களே விற்க இடமின்றித் திணறின. சந்தையைக் கரைத்துக் குடித்தவர்களே கணிக்கத் தவறியதை, மாலையில் வேலை முடிந்து வந்து படிவம் நிரப்பும் நாங்கள் கணித்து எழுத வேண்டும். எழுதிய தொகை வராவிட்டால் விளக்கமும் தர வேண்டும்.

இதற்கிடையே அந்தப் பேலிங் இயந்திரத்தின் எண்ணெய்க் குழாய் வெடித்து, நான்கு மாதங்களாக அது தார்ப்பாயின் கீழே கிடக்கிறது. குழாயை மாற்றப் பணம் கேட்கலாம் என்று விதிமுறைகளைப் புரட்டினேன். பழுதுபார்ப்புச் செலவு மானியத்துக்குத் தகுதியற்றதாம். புதிய இயந்திரம் வாங்குவதானால் மூன்று விலைப்புள்ளிகளுடன் தாராளமாக விண்ணப்பிக்கலாமாம்.