சேர்ந்தவர்களை எண்ணினீர்கள், முடித்தவர்களை?

ஞாயிற்றுக்கிழமை முன்னாள் மாணவர் கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், வீடியோவும் குரூப்பில் சுற்றிவிட்டது, அதனால் முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. இந்தியாவில் பள்ளிப் பிள்ளைகள் 25 கோடி, ஆன்லைன் கல்விக்கு வந்திருப்பவர்கள் கொஞ்சம்தான், மீதி முழுவதும் மார்க்கெட், கிராமத்துப் பிள்ளைக்கும் இனி நல்ல ஆசிரியர் கிடைப்பார் என்று ஆன்லைன் கல்வியைப் பற்றிப் பேசியவர் திரையில் காட்டிக்கொண்டிருந்தபோது, "சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முழுசாகப் படித்து முடித்தார்கள்?" என்று கேட்டேன். "டீச்சர், காலத்துக்கு ஏற்ப நீங்களும் மாறணும்" என்று பதில் வந்தது. உடனே கைதட்டல். தட்டியவர்களில் நாலைந்து பேர் எட்டாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவர்கள். மூன்று நாளாக அந்தச் சத்தம் காதிலேயே இருக்கிறது.

நான் மாறாதவளா? ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் என்ற ஆன்லைன் தளத்தில் 12 வாரப் பாடம் ஒன்றை முடித்திருக்கிறேன். பாடம் இலவசம். வாராவாரம் அசைன்மெண்ட், தேதி தவறினால் மதிப்பெண் போச்சு. பரீட்சைக்கு 1000 ரூபாய் கட்டி, திருநெல்வேலியில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் என் பழைய மாணவர்கள் வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதினேன். ஐஐடி வாசலைக்கூடப் பார்க்காத எனக்கு ஐஐடி பேராசிரியர் பாடம் எடுத்தார். அந்தச் சந்தோஷத்தை யாரும் எனக்கு விளக்க வேண்டாம். சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்பில் சேரச் சொல்லி மாணவர்களை நானே தூண்டியிருக்கிறேன். அதிலும் பரீட்சையை நேரில் போய்த்தான் எழுத வேண்டும். நான் எதிர்ப்பது ஆன்லைன் கல்வியை இல்லை. எத்தனை பேர் முடித்தார்கள் என்று கேட்டேன், அவ்வளவுதான்.

இந்தக் கேள்வி புதிதும் இல்லை. 2011இல் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர்கள் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் திறந்தபோது 1,60,000 பேர் சேர்ந்தார்கள், உலகமே வியந்தது. முடித்தவர்கள் 20 ஆயிரத்துச் சொச்சம். ஹார்வர்டும் எம்ஐடியும் சேர்ந்து எட்எக்ஸ் என்ற ஆன்லைன் தளத்தில் நடத்திய படிப்புகளை ஆராய்ந்து 2019இல் ஒரு கட்டுரை வந்தது. 2017-18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3 சதவீதம் சொச்சம். "காசு கட்டிச் சேர்ந்தவர்களில் பாதிக்குக் கிட்ட முடித்தார்களே" என்று யாராவது வருவீர்கள். ஆமாம், அதுவும் அதே கட்டுரையில் இருக்கிறது. ஆனால் அவர்கள் தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து, தானே தேடிப் போய்ச் சேர்ந்தவர்கள். ஏழாம் வகுப்புப் பையனும் அவர்களும் ஒன்றா?

அப்புறம், மார்க்கெட் மார்க்கெட் என்கிறீர்களே, அதையும் பார்ப்போம். பைஜூஸ் 2022இல் 2,200 கோடி டாலர் மதிப்புள்ள ஆன்லைன் கல்வி நிறுவனம். இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையில் அதன் பெயர், கத்தார் உலகக் கோப்பைக் கால்பந்திலும் அதன் பெயர். 2024 ஜூலையில் கிரிக்கெட் வாரியத்துக்கு வைத்த 158 கோடி ரூபாய் பாக்கிக்காகத் திவால் வழக்கில் வந்து நின்றது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்த நிறுவனமே 2021இல் கிட்டத்தட்ட 100 கோடி டாலர் கொடுத்து ஆகாஷ் என்ற கோச்சிங் நிறுவனத்தை வாங்கியது. பெஞ்சு, கரும்பலகை, ஆசிரியர் எல்லாம் இருக்கும் நேரடி வகுப்புகள். யூடியூபில் வளர்ந்த ஃபிசிக்ஸ் வாலா என்ற கல்வி நிறுவனமும் 2022இல் ராஜஸ்தானின் கோட்டாவில் வகுப்பறை திறந்தது. பிள்ளை முகத்தைப் பார்த்துப் பாடம் நடத்த ஒரு ஆள் வேண்டும் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. நான் சொன்னால் மட்டும் காலம் தெரியாத டீச்சர்.

ஒரு நிறுவனம் விழுந்ததை வைத்து எல்லாரையும் பேசுகிறேன் என்பீர்கள். சரி, என் அக்கா வீட்டுக்கு வந்தது மேலே சொன்ன எதுவும் இல்லை, வேறொரு ஆன்லைன் கல்விக் கம்பெனி. டெமோ என்று ஒரு பையன் வந்தான். அக்கா மகன் அப்போது ஏழாவது. அவனுக்கு ஒன்பதாம் வகுப்புக் கணக்கைக் கொடுத்திருக்கிறார்கள். அவன் முழித்தான். அவனை வைத்துக்கொண்டே டெமோ பையன், "மேடம், பேஸ்மெண்ட் ரொம்ப வீக், இப்போ விட்டா பத்தாவதுல கஷ்டம்" என்று சொல்லியிருக்கிறான். அக்கா தையல் மெஷின் மிதித்துக் குடும்பம் நடத்துகிறவள். ஓடிபி சொல்லு என்றார்கள், சொன்னாள். மாதம் 2000 ரூபாய் ஃபீஸ் என்று நினைத்தாள். அது 48,000 ரூபாய் கடன் என்று மூன்றாவது மாதம், அக்கா மகன் பாடம் பார்க்கும் டேப்லெட்டைத் தொடுவதையே நிறுத்திய பிறகு, நிறுத்திக்கொள்ளலாம் என்று போன் பண்ணியபோதுதான் தெரிந்தது. ரீஃபண்டுக்கு 15 நாள்தானாம். கஸ்டமர் கேரில் ஒவ்வொரு தடவையும் ஒரு புது நம்பர் கொடுத்தார்கள்.

"படிக்காமல் ஏன் ஒத்துக்கொண்டார்கள்" என்று எழுத வருபவர்கள் தயவுசெய்து வேறு இடம் பாருங்கள். 2021 டிசம்பரில் மத்தியக் கல்வி அமைச்சகமே பெற்றோரை எச்சரித்தது, தானாகப் பணம் எடுக்கும் வசதிக்குச் சம்மதம் வாங்குகிறார்கள், கவனம் என்று. அக்கா ஓடிபி சொன்னது அதற்கு அப்புறம். அந்த அறிவிப்பு அவள் வீட்டுக்கு வரவில்லை, டெமோ பையன்தான் வந்தான். அவனையும் நான் திட்டவில்லை. இன்ஜினியரிங் முடித்தவன், டார்கெட் இருக்கிறது என்று அக்காவிடமே சொல்லியிருக்கிறான்.

கிராமத்துப் பிள்ளைக்கு நல்ல ஆசிரியர் கிடைப்பார் என்பதும் நல்ல ஆசைதான். 2020இல் கொரோனாவால் பள்ளி மூடியிருந்தபோது என் வகுப்பில் ஒரு பெண், அப்பா கொத்தனார், வீட்டில் ஒரே போன். அவர் வேலைக்குப் போனால் போனும் போய்விடும். கல்வி தொலைக்காட்சியில் பார்த்ததை நோட்டில் எழுதி வைத்து, சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து நிற்பாள். "டீச்சர், இது மட்டும் புரியலை." அவளையும் சேர்த்துத்தான் அந்த 25 கோடி. அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு இடத்தைப் புரியவைக்க ஒரு ஆள். அந்தத் திரையில் அந்த ஆளுக்கு எங்கே இடம் இருந்தது?

அக்கா மகன் இப்போது கணக்கு என்றாலே "எனக்கு பேஸ்மெண்ட் வீக் சித்தி" என்கிறான். நான் கணக்கு டீச்சர். ஒரு வருஷமாக அந்த ஒரு வார்த்தையை அவன் மனசிலிருந்து எடுக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. இந்தச் செலவை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

போடுவதற்கு முன்னால் இதை அக்காவிடம் படித்துக் காட்டினேன். கம்பெனி பேர் போடாதே, இன்னும் நாலு மாசம் கட்ட வேண்டியிருக்கு என்றாள். போடவில்லை.